இரண்டரை லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டு தேவையா? வேலூர் ஸ்டூடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் சத்துவாச்சாரியில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு திருமண வீடியோ ஸ்டூடியோவில், 2025 ஆடி மாதத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது குறித்து எழுந்த கேள்வியையும், அதற்கு எடுத்த முடிவுகளையும், அடுத்த தை முகூர்த்தங்கள் வரை நடந்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். காட்பாடியில் கணினி பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உரிமையாளர் யோசனை கேட்டதால் இந்த விஷயத்திற்குள் வந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அந்த ஸ்டூடியோவில் இரண்டு விதமான வேலைகள் நடக்கின்றன. கீழ்த்தளத்தில் உரிமையாளரின் அக்கா மகன் திருமண வீடியோக்களை அடோபி பிரீமியர் புரோவில் எடிட் செய்கிறார். மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், உரிமையாளரின் தம்பி ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதித் தோல் ஏற்றுமதி நிறுவனங்களுக்காகக் காலணிகளின் முப்பரிமாணப் படங்களை பிளெண்டர் மென்பொருளில் உருவாக்குகிறார். தைத்து முடிக்கப்படாத காலணி ஒன்று எப்படி இருக்கும் என்பதை, அது மெல்லச் சுழலும் குறும்படமாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதே அந்த வேலை. இரண்டு மேசைகளிலும் தனித்தனிக் கணினிகள். இரண்டிலும் 2022-இல் வேறொரு கடையில் வாங்கிய, 12 ஜிபி நினைவகமுள்ள என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுகள்.

2025 வைகாசியில் ஸ்டூடியோவுக்குப் புதிய கேமராக்கள் இரண்டு வந்தன. அவை 4கே காட்சிகளை 10-பிட், 4:2:2 வண்ணத்தில், எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவு செய்பவை. அந்த மாதத்திலிருந்தே கீழ்த்தள மேசையில் தொல்லை தொடங்கியது. டைம்லைனில், அதாவது காட்சிகளை வெட்டி அடுக்கும் பட்டையில், வீடியோவை ஓட்டினால் படம் நின்று நின்று நகர்ந்தது. தாலி கட்டும் காட்சியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்க, மணமகனின் கை மட்டும் பாதி வழியில் உறைந்து நின்றது. அதே காலத்தில் மாடியிலும் ரெண்டர் (முப்பரிமாண மாதிரியிலிருந்து இறுதிப் படத்தைக் கணக்கிட்டு வரையும் வேலை) பாதியில் நின்று, நினைவகம் போதவில்லை என்ற செய்தி வரத் தொடங்கியது. இரண்டு குறைகளும் ஒன்றாக வந்ததால், இரண்டுக்கும் காரணம் பழைய கார்டுதான் என்ற முடிவுக்கு வீட்டில் எல்லாரும் வந்திருந்தார்கள்.

கையில் இருந்த கொட்டேஷன்

பொறியியல் கல்லூரியில் படிக்கும் உரிமையாளரின் மகன் என்விடியாவின் உச்சிக் கார்டான ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கலாம் என்று சொல்லியிருந்தார். என்விடியா நிறுவனம் 2025 ஜனவரியில் இந்தக் கார்டுக்கு இந்தியாவில் அறிவித்த விலை 2,14,000 ரூபாய். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த கொட்டேஷனில் கார்டு மட்டும் 2,62,000 ரூபாய். அதற்குத் தேவையான 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), அந்த நீளமான கார்டு அடங்கும் கேபினட், பெரிய யூபிஎஸ் எல்லாம் சேர்த்தால் தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியது. மாடியில் ஒன்று, கீழே பிறகு இன்னொன்று என்பது திட்டம்.

உரிமையாளர் என்னிடம் கேட்டது இதுதான்: “நாலு பவுன் காசு தம்பி இது. அத்த தூக்கி ஒரு டப்பாக்குள்ள போட்டா இன்னா செய்யும் அது?”

ஆடியில் முகூர்த்தம் இல்லை. தேங்கிய வேலையை முடிக்கவும், ஆவணிக்கு முன் கணினிகளைச் சரிசெய்யவும் அந்த மாதம்தான் வாய்ப்பு. எனவே பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மேசைகளிலும் உண்மையில் எது தாமதிக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டோம்.

கீழ்த்தள மேசையில் கவனித்தவை

கீழ்த்தளக் கணினியில் இருந்தது இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர், 16 ஜிபி ராம், வீடியோக்களுக்கு ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துவிட்டு, புதிய கேமராவின் காட்சியை ஓட்டச் சொன்னேன். ப்ராசஸரின் கோடு நூறு சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தில், சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையைக் காட்டும் ‘வீடியோ டிகோட்’ என்ற சிறு கட்டம் இருக்கிறது. அதில் கோடு பூஜ்ஜியத்திலேயே தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்து அதே டைம்லைனில் ட்ரோன் காட்சியை ஓட்டினோம். இப்போது டிகோட் கட்டத்தில் கோடு எழும்பியது, ப்ராசஸரின் கோடு இறங்கியது, படமும் தடையின்றி ஓடியது. ட்ரோன் காட்சியும் 4கே, அதுவும் எச்.265. வேறுபாடு ஒன்றே ஒன்று: ட்ரோன் பதிவு 4:2:0, கேமரா பதிவு 4:2:2.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீடியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியின் அளவு முழுமையாகப் பதிவாகிறது; வண்ணம் மட்டும் குறைத்துப் பதிவாகிறது. 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு வண்ண மதிப்பு. 4:2:2 முறையில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. பட்டுப்புடவையின் சிவப்பையும் சரிகையையும் பிறகு திருத்துவதற்கு இரண்டாவது முறை நல்லது என்பதால்தான் கேமராக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் சுருக்கப்பட்ட இந்தக் காட்சியை விரித்துக் காட்டும் வேலையைக் கார்டில் உள்ள ஒரு தனிச் சுற்று செய்கிறது, என்விடியாவின் முந்தைய தலைமுறையான 40 வரிசை வரை அந்தச் சுற்றுக்கு எச்.265 4:2:2 தெரியாது. தெரியாததை அது தொடவே தொடாது. சுமை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும்.

விலை பற்றிய கேள்விக்கு மிக நேரடியான விடை இங்கேதான் கிடைத்தது. 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு, இந்தியாவில் 1,55,000 ரூபாய்க்கு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090-இலும் இந்தத் திறன் இல்லை. 2025 மே மாதம் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5060-இல் இருக்கிறது. அதாவது இந்த மேசையின் குறையைத் தீர்க்கும் விஷயத்தில், ஐந்து மடங்குக்கும் மேல் விலையுள்ள முந்தைய வரிசைக் கார்டு, புதிய வரிசையின் கடைசிப் படிகளில் உள்ள கார்டுக்குத் தோற்றுப்போகும். 5090-ஐ வாங்கியிருந்தால் குறை தீர்ந்திருக்கும். ஆனால் தீர்த்திருக்கக்கூடியது அதில் உள்ள 21,760 கணக்கீட்டு மையங்களில் எதுவும் அல்ல, மலிவான கார்டிலும் அமைந்திருக்கும் அந்தச் சிறு சுற்றுதான்.

இன்னொரு வழியும் இருந்தது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசஸர்களிலிருந்து, உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் பகுதி எச்.265 4:2:2 காட்சியை விரிக்கும். பிரீமியரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் இந்தக் கணினியில் இருந்த ப்ராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிகிறது; உள் கிராபிக்ஸ் முடக்கப்பட்ட ப்ராசஸர்களுக்கே அந்த எழுத்து. தனிக் கார்டு போடத்தானே போகிறோம் என்று சொல்லி, சில ஆயிரங்கள் குறைவான ‘எஃப்’ ப்ராசஸரைக் கொடுப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். விளையாட்டுக்கு மட்டும் வாங்குபவருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. எடிட்டிங் மேசைக்கு அது பொருந்தாது.

கார்டு உண்மையாகவே திணறிய இடமும் ஒன்று உண்டு. மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த வரவேற்புக் காட்சிகளில் புள்ளி இரைச்சலை நீக்கும்போது 3060 முழு வேகத்தில் ஓடியும் பின்தங்கியது. பெரிய கார்டு அங்கே உதவும். ஆனால் ஒரு திருமணத்தின் முழு வீடியோவில் அப்படிச் சுத்தம் செய்ய வேண்டிய பகுதி சில நிமிடங்கள்தான், எக்ஸ்போர்ட்டும் இரவில்தான் ஓடுகிறது.

மாடி மேசையில் கவனித்தவை

மாடியில் நிலைமை வேறு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் ஓடும்போது கார்டுதான் முழு வேலையையும் செய்தது. ப்ராசஸர் ஏறக்குறைய சும்மா இருந்தது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது குறும்படத்தின் ஒரு தனிப் படத்துக்கு, மூன்று நிமிடம் வீதம், 120 ஃபிரேம்கள் கொண்ட ஒரு சுழற்சிக்கு ஆறு மணி நேரம் ஆனது. அதிக மையங்களுள்ள கார்டைப் போட்டால் நேரம் அப்படியே குறையக்கூடிய வேலை இது. உயர்விலைக் கார்டுக்கு நியாயம் இருக்குமானால் அது இந்த மேசையில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் நினைவகப் பிரச்சினையைப் பார்த்தோம். உரிமையாளரின் தம்பி காலணியின் ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது மேல்தோல், உள்தோல், நாக்கு, அடிப்பாகம், கயிறு, தையல் எல்லாவற்றுக்கும், எட்டாயிரம் பிக்சல் அகலமுள்ள படங்களையே ஒட்டியிருந்தார். அப்படிப்பட்ட ஒரு வண்ணப் படம் வட்டில் சிறியதாக இருந்தாலும், கார்டின் நினைவகத்தில் விரியும்போது 256 எம்பி எடுத்துக்கொள்ளும். 16-பிட் படமாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் என்று பாகத்துக்கு மூன்று நான்கு படங்கள் வைத்தால் 12 ஜிபி நிரம்பிவிடுகிறது. 32 ஜிபி கொண்ட 5090 வேண்டும் என்பதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

ஆனால் இறுதிப் படத்தில் கயிற்றின் அகலம் ஐம்பது பிக்சல்கூட வரவில்லை. அதற்கு எட்டாயிரம் பிக்சல் படம் எதற்கு? கயிறு, உள்தோல், தையல் ஆகியவற்றின் படங்களை நாலாயிரம் பிக்சலுக்குக் குறைத்தால் ஒவ்வொன்றும் நாலில் ஒரு பங்காகிறது. மேல்தோலை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைக் குறைத்தபோது மொத்தத் தேவை 7 ஜிபிக்குள் வந்தது. முன்னும் பின்னும் எடுத்த படங்களை உரிமையாளரின் தம்பியிடமே மாற்றி மாற்றிக் காட்டினேன்; எது பழையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நினைவகக் காரணம் அத்துடன் விலகியது. மிஞ்சியது வேகம் மட்டும்.

வேகத்தை இணைய வரைபடங்களை நம்பி முடிவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறை 4090-க்கு இணையான வேகம் தரும் என்று என்விடியா மேடையில் அறிவித்தது நினைவிருக்கலாம். அந்த ஒப்பீடு, ஒரு ஃபிரேமை வரைந்துவிட்டு இடையில் மேலும் மூன்று ஃபிரேம்களைக் கணித்துச் செருகும் வசதியை நம்பியது. விளையாட்டில் அதற்குப் பயன் இருக்கலாம். காலணியின் தையலை ஒளிக்கதிர் ஒளிக்கதிராகக் கணக்கிட வேண்டிய ரெண்டரில் செருகுவதற்கு எதுவும் இல்லை. எனவே உண்மையான காலணிக் கோப்பையே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு காட்பாடியிலிருந்து ரயிலேறினோம். ரிச்சி தெருவில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு கணினிகளில் ஓட்டிப் பார்க்க ஒரு கடைக்காரர் பெருந்தன்மையுடன் அனுமதித்தார். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒரு ஃபிரேமை ஒரு நிமிடத்தில் முடித்தது. 5090 அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டது.

அந்தக் கடையில் 5070 டிஐ 84,000 ரூபாய். 5090 கார்டின் விலை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வேகம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக் கடையொன்றில் பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரங்கள் குறைப்பதாகச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டூடியோவுக்கு 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியும் என்பதாலும், பில் இல்லாமல் மூன்றாண்டு உத்தரவாதத்தை நம்ப முடியாது என்பதாலும் அதைப் பேச்சளவில்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

விலை ஏன் இப்படி

வேகம் இரண்டு மடங்கு, விலை மூன்று மடங்கு என்றால் அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று திரும்பும் வழியில் உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஒரு பகுதி சிலிக்கானுக்குப் போகிறது. 5090-இன் சிப் சுமார் 750 சதுர மில்லிமீட்டர். 5080-உம் 5070 டிஐ-யும் பயன்படுத்தும் சிப் சுமார் 378. சிப் பெரிதாகப் பெரிதாக ஒரு வட்டத் தகட்டில் வெட்டக்கூடிய எண்ணிக்கை குறைகிறது, ஒரு சிறு பழுது விழுந்து முழுச் சிப்பும் வீணாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே இரு மடங்கு பரப்புக்கு இரு மடங்குக்கும் மேல் செலவாவது இயல்பு. அதிலும் 5090-இல் போடுவது முழுச் சிப் அல்ல; சில பகுதிகள் முடக்கப்பட்டதுதான்.

மறு பகுதிக்குச் சந்தை காரணம். 2017-இல் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலர். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3090 1,499 டாலர். 2022-இல் 4090 1,599. 2025-இல் 5090 1,999. எட்டு ஆண்டுகளில் உச்சிக் கார்டின் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. இந்தக் காலத்தில் எதீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணினிக் கணக்கீட்டால் ஈட்டும் ‘சுரங்கக்காரர்கள்’ கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிய 2021 வந்துபோனது. 2022 செப்டம்பரில் எதீரியம் கார்டுகள் வேண்டாத முறைக்கு மாறி அந்தத் தேவை அடங்கிய பிறகும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தேவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் தரவு மையப் பிரிவு 115 பில்லியன் டாலருக்கு விற்றது. விளையாட்டுக் கார்டுகளின் பிரிவு 11 பில்லியன் டாலரை ஒட்டியே விற்றது. பத்து மடங்கு பெரிய வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது, நமக்கு விலையைக் குறைத்துத் தர அந்த நிறுவனத்துக்கு அவசரம் இல்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் இந்தத் தலைமுறையில் உச்சிக் கார்டுக்குப் போட்டியிடப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டது. 32 ஜிபி நினைவகமும் இந்த வேகமும் ஒரே கடைக்காரரிடம் மட்டுமே கிடைக்கும்போது விலையை வைப்பது அவர்தான்.

இதிலிருந்து உரிமையாளர் ஒரு முடிவுக்கு வந்தார், நானும் உடன்பட்டேன். 5090-க்கு அந்த விலை தகுமா என்பதைக் கார்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது மிச்சப்படுத்தும் மணி நேரத்தை யாராவது விலை கொடுத்து வாங்குகிறார்களா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கீழ்த்தளத்தில் கார்டை மாற்றவில்லை. அதே மதர்போர்டில் பொருந்தும், உள் கிராபிக்ஸ் கொண்ட இன்டெல் ஐ5-14500 ப்ராசஸரை மாற்றினோம். ராமை 32 ஜிபி ஆக்கினோம். நடப்பு வேலைகளுக்கென்று வேகமான சேமிப்பகமாக 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி சேர்த்தோம். எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆனது. 5060 கார்டு இதைவிடக் குறைந்த செலவில் முடிந்திருக்கும் என்று உரிமையாளரின் அக்கா மகன் சரியாகவே சுட்டிக்காட்டினார். அதைத் தவிர்த்ததற்குக் காரணம், 5060-இல் 8 ஜிபி மட்டுமே உண்டு. இரைச்சல் நீக்கும் வேலையில் ஏற்கெனவே இருக்கும் 12 ஜிபியை இழப்பது பின்னடைவு. தவிர, புதிய ப்ராசஸரில் மையங்கள் ஆறிலிருந்து பதினான்காக உயர்கின்றன, அது மற்ற வேலைகளுக்கும் உதவும். ப்ராசஸரை மாட்டிய பிறகு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) உள் கிராபிக்ஸையும் தனிக் கார்டையும் ஒருசேர இயங்கவிடும் அமைப்பை இயக்க வேண்டும். இதை மறந்தால், மானிட்டர் கார்டில் செருகியிருக்கும் கணினியில் உள் கிராபிக்ஸ் தூங்கிக்கொண்டே இருக்கும், மாற்றியதன் பலன் கிடைக்காது.

மாடியில் 5070 டிஐ கார்டும் 850 வாட் எஸ்எம்பிஎஸ்-உம் வாங்கினோம், 93,000 ரூபாய். 5080-ஐயும் பரிசீலித்தோம். அதன் நினைவகமும் 16 ஜிபிதான். 5070 டிஐ-க்கு அறிவிக்கப்பட்ட விலை 80,000, இதற்கு 1,07,000. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பணத்துக்கு மையங்கள் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகின்றன. அதை விட்டுவிட்டோம்.

5090-ஐ விட்டதற்கான கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சுழற்சிக்கு 3060-இல் ஆறு மணி நேரம். 5070 டிஐ-இல் இரண்டு மணி நேரம். 5090-இல் ஒரு மணி நேரம் சொச்சம். முதல் மாற்றம் தொழிலின் போக்கையே மாற்றுகிறது: முன்பு ஒரு இரவில் ஒரு காலணியும் அடுத்ததில் பாதியும்தான் முடியும், இனி நான்கைந்து முடியும். இரண்டாவது மாற்றத்தில் மிச்சமாகும் நேரம், எல்லாரும் தூங்கும் வேளையில் மிச்சமாகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தாலும் ஆறு மணிக்கு முடிந்தாலும் ஆம்பூருக்குக் கோப்பு போகப்போவது பத்து மணிக்குத்தான். பகலில் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நிறத்தை மாற்றச் சொல்லும்போதுதான் வேகம் உண்மையிலேயே பணம். அந்த முன்னோட்ட வேலையை 5070 டிஐ தயக்கமின்றிச் செய்தது.

இடமும் கணக்கில் சேர்ந்தது. 5090-இன் மின் வரம்பு 575 வாட்; 5070 டிஐ 300 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் முதலாவது கார்டு மட்டும் 4.6 யூனிட் எடுக்கும், இரண்டாவது 2.4. மின் கட்டணத்தில் இது பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 575 வாட் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வருகிறது, ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனில் ஆறில் ஒரு பங்கை அது தின்றுவிடும். வேலூர் வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், சித்திரை வைகாசியில் அந்த ஏசி ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது. இருக்கிற யூபிஎஸ்-உம் 5090-இன் சுமையைத் தாங்காது.

இரண்டு திட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். கார்டின் உத்தரவாதக் காலமான 36 மாதங்களுக்கு அதைப் பிரித்தால் மாதம் 5,700 ரூபாய் வருகிறது. அவசர வேலைகளுக்கு இணையத்தில் கார்டுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகை தொடர்ந்து மாதம் 5,700-ஐத் தாண்டினால் மறுபடி 5090-ஐப் பற்றிப் பேசுவது என்று உரிமையாளர் தன் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தார்.

மகனுக்கு வருத்தம்தான். மாடியிலிருந்து கழற்றிய 3060 அவருடைய கணினிக்குப் போனது. அவர் பார்க்கும் மானிட்டர் சாதாரண முழு எச்டி, 75 ஹெர்ட்ஸ்தான், அதற்கு 3060-ஏ போதும் என்பதை நான் அவருடைய அப்பாவிடம் சொல்லவில்லை.

பின்னர் நடந்தவை

ஆவணி முகூர்த்தங்களில் கீழ்த்தள மேசையில் இரண்டு கேமராக் காட்சிகளையும் ஒரே டைம்லைனில் ப்ராக்ஸி (எளிதில் ஓடும், தரம் குறைத்த நகல்) இல்லாமல் ஓட்ட முடிந்தது. மூன்றாவதாக ட்ரோன் காட்சி சேரும் இடங்களில் முன்னோட்டத் தரத்தைப் பாதியாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கேமராவில் சில காட்சிகள் எச்.264 4:2:2 முறையில் பதிவாகியிருந்தன; அந்த வடிவத்தை இந்த இன்டெல் உள் கிராபிக்ஸும் விரிப்பதில்லை. 50 வரிசைக் கார்டுகள் அதையும் விரிக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கேமராவின் அமைப்பை எச்.265-க்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. இரைச்சல் நீக்கும் வேலை முன்போலவே மெதுவாகத்தான் நடக்கிறது.

மாடியில் புரட்டாசி வரை எல்லாம் கணக்கிட்டபடியே நடந்தது. நவம்பரில் கணக்கு சோதனைக்கு வந்தது. ஒரே காலணியை 24 நிறங்களில், சனிக்கிழமை மாலை கேட்டுத் திங்கள் காலைக்குள் தர வேண்டிய வேலை. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்றால் 5070 டிஐ-க்கு 48 மணி நேரம் வேண்டும். கையில் இருந்தது 38. 5090 இருந்திருந்தால் ஏறத்தாழ 26 மணி நேரத்தில், வேறு யாரையும் எதிர்பார்க்காமல் முடித்திருக்கும். உரிமையாளரின் தம்பி 13 நிறங்களைத் தன் கணினியில் வைத்துக்கொண்டார். மூன்றை மகனின் கணினியில் இருந்த பழைய 3060-க்குக் கொடுத்தார். மீதி எட்டை வாடகைக் கணினிக்கு அனுப்பினார். வாடகை இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் பெரிய கோப்பை ஏற்றவும், அங்கே பிளெண்டரின் அதே பதிப்பை அமைக்கவும், ஒரு நிறம் தவறாக வந்ததைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போட்டால் கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்காது என்று அவர் சொல்வதில் உண்மை உண்டு.

அதன்பின் தை வரை அப்படிப்பட்ட வேலை வேறொன்று வரவில்லை. அந்தப் பருவத்தில் வாடகைக்கு ஆன மொத்தச் செலவு, ஒரு மாதத்துக்கு வகுத்த 5,700-ஐக்கூடத் தொடவில்லை. இதற்கிடையே 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஆடியிலேயே 32 ஜிபி ஆக்கியது வெறும் அதிர்ஷ்டம், அதற்கு யாரும் பெருமை கொள்ள முடியாது.

இனி மாற்றுவதாக இருப்பவை

கேமரா வாங்கும்போதே, அது பதிவு செய்யும் வடிவத்தில் ஒரு மாதிரிக் கோப்பைக் கடையிலிருந்து வாங்கிவந்து எடிட்டிங் கணினியில் ஓட்டிப் பார்ப்பது இப்போது ஸ்டூடியோவின் வழக்கம். மூன்றாவது கேமராவுக்கு அப்படிச் செய்து, ஒரு மாடலை வேண்டாம் என்றும் விட்டிருக்கிறார்கள். கணினி வாங்கும்போது ப்ராசஸரின் முழுப் பெயரைக் கடைசி எழுத்து வரை பில்லில் எழுதித் தரச் சொல்வதையும் அத்துடன் சேர்த்துக்கொண்டார்கள்.

மாடியில், வாடகைக் கணினியை அவசரம் வந்த பிறகு தேடாமல், காலணிக் கோப்பின் அடிப்படைப் படங்களை முன்கூட்டியே அங்கே ஏற்றிவைத்து, மாதம் ஒருமுறை ஒரு ஃபிரேமை ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். வாடகைச் செலவோடு அதற்காகச் செலவிட்ட மணி நேரத்தையும் எழுத வேண்டும் என்று உரிமையாளரின் தம்பி வற்புறுத்தியதால் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது. ஆம்பூர் நிறுவனம் ஒன்று எல்லா மாடல்களையும் எல்லா நிறங்களிலும் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானால் வரம்பு முதல் மாதத்திலேயே தாண்டும். அப்போது 5090-க்கான கொட்டேஷனை மறுபடி கேட்க வேண்டியிருக்கும், இந்த முறை நானே வாங்கச் சொல்வேன்.